சரிவின் அடிவாரத்தை வெட்டலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண்ணும் உதிரிக் கற்களும் கலந்த சரிவு. கைபேசியில் அளந்தால் 35 டிகிரி காட்டுகிறது. பல வருடங்களாக அசையவே இல்லை. அடியில் கொஞ்சம் வெட்டி இடம் எடுத்துக்கொள்ளலாமா? எத்தனை டிகிரி வரை பயமில்லை?

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள். மேலே உள்ள மண்ணைத் தாங்கி நிற்பதே அந்த அடிப்பகுதிதான். அதை எடுத்தால் சரிவு செங்குத்தாகும், தாங்கலும் போய்விடும்.

உலர்ந்த மணலை ஓரிடத்தில் கொட்டிக்கொண்டே இருங்கள். குவியல் உயரும், ஆனால் பக்கங்களின் சாய்வு 30 முதல் 35 டிகிரிக்கு மேல் போகாது. அதற்கு மேல் கொட்டுவதெல்லாம் வழிந்து கீழே வந்துவிடும். கூரான கற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் 40 டிகிரியை ஒட்டியும் நிற்கும். 35 டிகிரியில் மண்ணின் எடையில் பாதிக்கு மேல் சரிவை ஒட்டிக் கீழ்நோக்கி இழுக்கிறது. அதைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் உராய்வு, கொஞ்சம் களிமண், கொஞ்சம் வேர். ஆக உங்கள் சரிவு ஏற்கெனவே எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. பல வருடங்கள் நின்றது என்றால், இதுவரை பெய்த மழையைத் தாங்கியது என்று மட்டும்தான் அர்த்தம்.

உண்மையான எதிரி தண்ணீர். லேசான ஈரம் மணலை ஒட்டவைக்கும், அதில் பயமில்லை. மண் முழுக்க ஊறிவிட்டால் கதை வேறு. துகள்களுக்கு நடுவே சேரும் தண்ணீரின் அழுத்தம், அவை ஒன்றையொன்று அழுத்திப் பிடிப்பதைத் தளர்த்திவிடும். உராய்வு குறையும். உலர்ந்திருக்கையில் 35 டிகிரியில் நிற்கும் மணல், மேற்பரப்பு வரை நீர் நிறைந்து சரிவோடு கசிந்தால் 20 டிகிரியில்கூட நிற்பது கஷ்டம். 1966 அக்டோபரில் வேல்ஸில் உள்ள அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவுக் குன்று சரிந்து 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். அந்தக் குவியலை நீரூற்றின் மேல் கொட்டி வைத்திருந்தார்கள். அதனால்தான் எத்தனை டிகிரி என்று கேட்பவர்களிடம், தண்ணீர் எங்கே போகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

மண்ணைப் போல மலைகளில் உறைபனியும் சரியும், ஆனால் அதன் போக்கு வேறு. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில் கிளம்புகின்றன. மிகச் செங்குத்தான இடத்தில் பனி அவ்வப்போது உதிர்ந்துவிடுவதால் பெரிதாகச் சேர்வதில்லை. அடியில் பலவீனமான ஓர் அடுக்கு இருந்தால், மேலே இறுகிய பனி முழுப் பலகையாகப் பெயர்ந்து வரும். சமதளத்தில்தானே நிற்கிறோம் என்று இருந்துவிடக் கூடாது. மேலே கிளம்பியது கீழே சமதளம் வரைக்கும் ஓடி வரும்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் சாய்வைச் சரியாக அளந்துகொள்ளுங்கள்: கைபேசியை மண்ணில் வைக்காமல், சரிவில் நீளமான ஒரு பலகையைப் படுக்கவைத்து அதன் மேல் வையுங்கள். அப்புறம் உச்சிக்குப் போய்ப் பாருங்கள். விளிம்புக்கு இணையாக விரிசல் ஓடுகிறதா? அடியில் மண் புடைத்திருக்கிறதா? மரங்கள் புதிதாகச் சாய்ந்திருக்கின்றனவா? இதில் ஒன்று இருந்தாலும் மண் பொறியாளரைக் கூப்பிடுங்கள். இல்லாவிட்டாலும் மேலிருந்து வரும் மழைநீர் சரிவுக்குள் இறங்காமல் பக்கவாட்டில் போக வாய்க்கால் எடுங்கள். தடுப்புச் சுவர் கட்டினால் நீர் வடியும் துளைகள் கட்டாயம் வேண்டும்; துளையில்லாத சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரே சுவரைத் தள்ளிவிடும்.

கனமழையில் சரிவிலிருந்து வரும் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென நின்றாலோ, அந்த நிமிடமே வீட்டை விட்டு வெளியேறுங்கள். சரிவுக்கு நேர் கீழே ஓடாமல் பக்கவாட்டில் போங்கள்.