புள்ளியியல் படிக்கிற பையன் பாலினம் பற்றிப் படிக்கலாமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு புள்ளியியல் படிக்கிறேன். போன செமஸ்டரில், கேட்ட வகுப்பில் இடம் கிடைக்காததால், நேரம் ஒத்துவருகிறதே என்று 'பெண்கள், பாலினம், பாலியல்' துறையின் அறிமுக வகுப்பில் சேர்ந்தேன். ரொம்பவே பிடித்துப்போனது. அதையே மைனராக (துணைப் பாடமாக) எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். "இதைப் படிச்சா யாருடா வேலை கொடுப்பான்?" என்கிறார் அப்பா. நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். ஆணான நான் அங்கே ஒட்டுவேனா என்ற தயக்கமும் இருக்கிறது. 'பாலியல்' என்ற சொல் சான்றிதழில் இருந்தால் இன்டர்வியூவில் சங்கடமாகிவிடாதா? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, சான்றிதழ் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். பல பல்கலைக்கழகங்களில் மைனர், பட்டச் சான்றிதழில் அச்சாவதே இல்லை. மதிப்பெண் பட்டியலில் ஒரு வரியாக வரும், அவ்வளவுதான். பயோடேட்டாவில் அதைப் போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். போட்டால், இன்டர்வியூவில் ஒருவர் "இது என்னப்பா படிப்பு?" என்று கேட்கக்கூடும். அப்போது சொல்வதற்கு உங்களிடம் சரக்கு இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

அப்பா கேட்பது நியாயமான கேள்வி. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று ஒதுக்கிவிடாதீர்கள். தத்துவமோ இசையோ, எந்த மைனரையும் மட்டும் பார்த்து யாரும் வேலை தருவதில்லை. உங்களுக்குச் சோறு போடப்போவது புள்ளியியல்தான். அந்தப் புள்ளியியலுக்கு இந்தப் படிப்பு என்ன செய்யும் என்று பார்த்தால், நிறையவே செய்யும் என்பேன். இலக்கியம் படிக்கிற ஒருவருக்குச் செய்வதைவிட உங்களுக்குக் கூடுதலாகவே செய்யும்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்தது. 1976-ல் தீர்ப்பு வந்தது. அந்தத் தொழிற்சாலையில் 1964-க்கு முன்பு கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு எடுத்தார்கள். எழுபதுகளில் மந்தம் வந்து ஆள்குறைப்பு நடந்தபோது, கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே என்று விதி. 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போனது. நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? இங்கே பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்களா என்று பார்த்தது. வெள்ளையினப் பெண்களை 1964-க்கு முன்பிருந்தே எடுத்துத்தான் வந்திருக்கிறார்கள். ஆகவே பால் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால் அதற்கு வேறொரு வழக்கு நடக்கிறது, அதோடு சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் கலந்து புதிதாக ஒரு பிரிவை உண்டாக்க முடியாது. இதுதான் தீர்ப்பின் சாரம். 1989-ல் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர் இதை ஒரு கட்டுரையில் எடுத்து அலசினார். இனம், பால் போன்றவை ஒன்றோடொன்று குறுக்கிடும் இடத்தில் தனிப் பாகுபாடு உண்டாகிறது என்று இன்று எல்லோரும் சொல்கிற 'இன்டர்செக்‌ஷனாலிட்டி' அந்தக் கட்டுரையில்தான் பிறந்தது.

உங்கள் பாஷையில் இது ரொம்பச் சின்ன விஷயம். பால்வாரியாக ஒரு அட்டவணை, இனவாரியாக ஒரு அட்டவணை. இரண்டும் தனித்தனியே பார்த்தால் சரி. குறுக்கே வைத்து நான்கு கட்டம் போட்டிருந்தால், ஒரு கட்டம் மட்டும் துடைத்துவிட்டதுபோல் காலியாகிக் கிடப்பது தெரிந்திருக்கும். அந்த நான்கு கட்டம் போட உங்களுக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்ற வேண்டுமே! அந்த வகுப்பில் கிடைப்பது இதுதான்.

இன்னொன்று, அந்தத் துறைப் பெயரில் 'பாலியல்' எதற்கு என்று முகம் சுளிப்பவர்களுக்காக. 1990-ல் நடந்த அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஒரே வீட்டில் வாழும் இரு ஆண்களோ இரு பெண்களோ தங்களைத் தம்பதி என்று படிவத்தில் எழுதினால், அது தவறான பதிவு என்று எடுத்துக்கொண்டு பெரும்பாலும் ஒருவரின் பாலையே மாற்றிவிட்டார்கள். ஆணும் பெண்ணுமாகக் கணக்கில் ஏறினார்கள். 2000-ல் பாலைத் தொடவில்லை. உறவை 'திருமணமாகாத துணை' என்று திருத்தினார்கள். ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி பதில், பத்து வருட இடைவெளியில் இரண்டு வேறு எண்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு கணக்கெடுப்பையும் பக்கத்தில் வைத்து வரைபடம் போட்டு, 'பார், எவ்வளவு கூடிவிட்டது' என்று கட்டுரை எழுதுகிறவர்கள் இருப்பார்கள். நீங்கள் அந்த ஆளாக இருக்கக் கூடாது.

மருந்து நிறுவனங்களுக்குப் போக நினைத்தாலும் உதாரணம் உண்டு. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்கள் உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது. காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கிறது. விற்பனைக்கு வந்து இருபது வருடம் கழித்து, 2013-ல்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5-க்குக் குறைக்கச் சொன்னது. அப்பா பொருளாதாரத்தில் நம்பிக்கை உள்ளவர் என்றால் கிளாடியா கோல்டின் பெயரைச் சொல்லுங்கள். பழைய ஆவணங்களில் பெண்களின் தொழில் என்ற இடத்தில் 'மனைவி' என்று மட்டும் எழுதியிருக்கும். வயலிலும் வீட்டுத் தொழிலிலும் அவர்கள் செய்த வேலை கணக்கில் வராது. அதையெல்லாம் தோண்டியெடுத்து, பெண்கள் வேலைக்குப் போன 200 வருட வரலாற்றைத் திருத்தி எழுதியதற்காக 2023-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. அவர் பாலினத் துறை ஆள் இல்லை, பொருளாதாரப் பேராசிரியர். உங்களுக்கும் வழி அதுதான்: மேஜரில் (முதன்மைப் பாடத்தில்) காலை ஊன்றி நின்றுகொண்டு இந்தக் கேள்விகளைக் கேட்பது.

சரி, இனிப்பாகவே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? அறிமுக வகுப்பு பிடித்ததால் மீதியும் பிடிக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அடுத்து ஒரு கோட்பாட்டு வகுப்பு கட்டாயமாக இருக்கும். ஃபூக்கோ, ஜூடித் பட்லர் போன்ற கோட்பாட்டாளர்கள் எல்லாம் வருவார்கள். ஒரு பக்கத்தைப் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். படித்து முடித்தாலும் புரிந்ததா என்று சந்தேகமாக இருக்கும். புரியாதது எல்லாம் ஆழமானது என்று நினைக்கவும் வேண்டாம், புரியவில்லை என்பதால் வெற்றுப் பேச்சு என்று தள்ளவும் வேண்டாம். கணக்குப் போட்டு விடையைச் சரிபார்த்துப் பழகிய ஆளுக்குப் பத்துப் பக்கக் கட்டுரை எழுதுவதுதான் நிஜமான தலைவலி. வாராவாரம் எழுத வேண்டிவரலாம்.

ஆண் என்பதைப் பற்றி: வகுப்பில் நீங்கள் ஒருவரோ இருவரோதான் ஆண்களாக இருக்கலாம். அதனால் ஒன்றும் இல்லை. ஆண்மை என்பதும் அங்கே பாடம்தான். ஆண்கள் ஏன் டாக்டரிடம் போகத் தாமதிக்கிறார்கள் என்பது உட்பட. இரண்டு விஷயம் மட்டும் செய்யாதீர்கள். ஒன்று, எல்லா ஆண்களுக்கும் வக்கீலாகக் கிளம்புவது. இன்னொன்று அதைவிட எரிச்சலானது: நான் மற்ற ஆண்களைப்போல இல்லை என்று காட்டிக்கொண்டே இருப்பது. கொடுத்ததைப் படித்துவிட்டுப் போய் அதைப் பற்றிப் பேசினால் போதும். பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் "உங்க அனுபவத்தைச் சொல்லுங்களேன்" என்று கேட்டுப் பாடம் படிக்கப் பார்க்காதீர்கள். அவரும் மார்க் வாங்கத்தான் வந்திருக்கிறார்.

பெயர் கொடுக்கும் முன் ஆலோசகரிடம் போய் விதிகளைக் கேளுங்கள். மைனர் என்றால் வழக்கமாக ஐந்தாறு வகுப்புகள். அறிமுகத்தை முடித்துவிட்டீர்கள். மேஜருக்கும் மைனருக்கும் பொதுவாக எத்தனை வகுப்பைக் கணக்கில் வைக்க விடுவார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். அதுதான் முக்கியமான கேள்வி. சமூகவியல், பொதுச் சுகாதாரம், மக்கள்தொகையியல் துறைகள் நடத்தும் வகுப்புகளும் பெரும்பாலும் இந்த மைனரில் சேரும். அங்கே எண்கள் இருக்கும், உங்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கையில் பட்டம் ஒரு செமஸ்டர் தள்ளிப்போகிறது என்றால், மைனரை விட்டுவிட்டுப் பிடித்த மூன்று வகுப்பை மட்டும் படியுங்கள். ஒரு வரிக்காக ஒரு செமஸ்டர் ஃபீஸ் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதில் நான் அப்பா கட்சி.

தள்ளிப்போகாது என்றால், கணக்குப் போட்ட அந்தக் காகிதத்தை அப்பாவிடம் காட்டிவிட்டுச் சேருங்கள். நண்பர்களின் கிண்டலுக்கு என்னிடம் மருந்து இல்லை. அடுத்த செமஸ்டரில் அவர்களுக்கு வேறு ஆள் மாட்டுவார்.