செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு எம்.எஸ்சி. வேதியியலில் சேரலாமா?

பி.எஸ்சி. வேதியியல் முடிக்கப்போவதாகவும், புதிய சேர்மங்களைக் கணினியே கண்டறிந்து எந்திரமே தயாரித்தும் விடுகிறது என்று கேள்விப்பட்டதாகவும், இந்நிலையில் எம்.எஸ்சி. படித்துப் பயன் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் சேரலாம். ஆனால் எந்தத் திறனை வளர்த்துக்கொண்டு வெளியே வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அந்தப் பட்டத்துக்கு மதிப்பு இருக்கும். திடநிலை வேதியியல் ஆய்வகத்தில், எக்ஸ்-கதிரைப் பாய்ச்சிப் படிக அமைப்பை அறியும் எக்ஸ்.ஆர்.டி. கருவியோடு காலம் தள்ளுபவன் என்ற முறையில், எனக்கு நெருக்கமான ஒரு சர்ச்சையை வைத்தே இதற்குப் பதில் சொல்கிறேன்.

2023 நவம்பரில் நேச்சர் இதழில் இரண்டு கட்டுரைகள் ஒருசேர வெளிவந்தன. முதலாவதில், நிலைத்தன்மை உடையவை என்று கணிக்கப்பட்ட ஏறத்தாழ 3,80,000 படிகங்களின் பட்டியலை கூகுள் டீப்மைண்ட் குழு முன்வைத்தது. இரண்டாவது, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கெர்பிராண்ட் செடரின் குழு அமைத்த 'ஏ-லேப்' என்னும் தானியங்கி ஆய்வகத்தைப் பற்றியது. அங்கே ரோபோ கரங்கள் பொடிகளைக் கலந்து, உலையில் வைத்து எடுத்து, எக்ஸ்-கதிர்ச் சோதனை செய்கின்றன. கிடைத்த பொருள் எது என்பதையும் மென்பொருளே முடிவு செய்கிறது. 17 நாட்கள் இடைவிடாமல் இயங்கி, இலக்காகக் கொண்ட 58 புதிய சேர்மங்களில் 41-ஐத் தயாரித்துவிட்டதாகக் கட்டுரை கூறியது. செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடித் தீர்த்தன.

சில வாரங்களிலேயே லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ராபர்ட் பால்கிரேவும் பிரின்ஸ்டனின் லெஸ்லி ஸ்கூப்பும் தம் சக ஆய்வாளர்களுடன் அந்தத் தரவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, அங்கே புதிய பொருள் எதுவுமே கண்டுபிடிக்கப்படவில்லை என்று எழுதினார்கள். தயாரித்ததாகச் சொல்லப்பட்டவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, முன்பே அறியப்பட்டிருந்த, அணுக்கள் இடம் மாறிக் கலந்து கிடக்கும் சேர்மங்களாகவே இருக்கக்கூடும் என்பது அவர்கள் வாதம்.

இது எப்படி நேர்கிறது என்பதை 18 காரட் செந்நிறத் தங்கத்தில் பார்க்கலாம். அதில் தங்க அணுவும் செம்பு அணுவும் ஏறத்தாழச் சரிபாதி. ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் அவை கண்டபடி கலந்திருக்கும். மெல்ல ஆறவிட்டால் ஓர் அடுக்கு தங்கம், ஓர் அடுக்கு செம்பு என்று ஒழுங்காக அமர்ந்துகொள்ளும், உலோகமும் கடினப்பட்டுவிடும். அதனால்தான் அந்தத் தங்கத்தைப் பழுக்கக் காய்ச்சியதும் சட்டென்று நீரில் தோய்த்துக் குளிர்விக்கிறார்கள். வழக்கமான செம்புக் குழாய் பொருத்திய எக்ஸ்.ஆர்.டி.யில் வைத்தால், கலந்து கிடக்கும் மாதிரி 40 டிகிரி கோணம் வரை ஒரு பீக்கும் (வரைபட முகடும்) காட்டாது; ஒழுங்கானதோ 24 டிகிரிக் கோணத்துக்கும் 32 டிகிரிக் கோணத்துக்கும் அருகே கூடுதல் பீக்குகளைக் காட்டும். இரண்டிலும் கலவை விகிதம் ஒன்றே. அந்தக் கூடுதல் பீக்குகளை வைத்தே எது எதுவென்று சொல்லிவிடலாம்.

தங்கத்துக்கும் செம்புக்கும் எலக்ட்ரான் எண்ணிக்கையில் பெரிய இடைவெளி இருப்பதால் இது எளிது. மாங்கனீசும் இரும்பும் கலந்த ஆக்சைடாக இருந்தால், எலக்ட்ரான்கள் 25-க்கும் 26-க்குமான வேறுபாடு எக்ஸ்-கதிருக்குக் கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. நியூட்ரான் கதிரைத்தான் நாட வேண்டும். நம் நாட்டில் அதற்கு டிராம்பேயில் உள்ள துருவா அணு உலை இருக்கிறது. கணினிக் கணிப்புகளோ பெரும்பாலும் சுழியக் கெல்வினில் (ஏறத்தாழ -273 டிகிரி செல்சியஸில்), அணுக்கள் எல்லாம் ஒழுங்காக அமர்ந்திருப்பதாக வைத்துப் போடப்பட்டவை. ஆயிரம் டிகிரி உலையிலிருந்து வெளிவரும் பொடி அந்த ஒழுங்கை மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தானியங்கிப் பகுப்பாய்வைவிட மனிதர் செய்யும் பகுப்பாய்வு மேம்பட்டதாக இருக்க முடியும் என்பதைச் செடரும் ஒப்புக்கொண்டார். தானியங்கி ஆய்வகம் எவ்வளவு தூரம் போக முடியும் என்று காட்டுவதே நோக்கம் என்பது அவர் தரப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. டீப்மைண்ட் பட்டியலை ஆராய்ந்த பொருளறிவியலாளர்கள் அந்தோணி சீத்தமும் ராம் சேஷாத்ரியும், புரோமித்தியம் போன்ற அரிய கதிரியக்கத் தனிமங்களைக் கொண்ட சேர்மங்கள்கூட அதில் ஏராளமாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். அவற்றை யார், எதற்காகத் தயாரிக்கப்போகிறார்கள்?

இதனால் செயற்கை நுண்ணறிவே வெற்று ஆரவாரம் என்று நான் சொல்லவில்லை. 2024-இல் புரத வடிவக் கணிப்புக்காக டீப்மைண்டின் ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தபோது 'இது வேதியியலா' என்று முணுமுணுத்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர்களின் ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருள் பாடம் கற்றது, 1971 முதல் படிகவியலாளர்கள் ஒன்றொன்றாகத் தீர்த்துச் சேமித்த புரதத் தரவு வங்கியிலிருந்து. ஒரு புரத வடிவம் நம்பத்தக்கதா என்று சோதிக்க, 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என்.ராமச்சந்திரன் குழு வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் வரைபடத்தை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

ஆகவே எம்.எஸ்சி.யில் சேர்ந்தால், உலையிலிருந்தோ குடுவையிலிருந்தோ வந்த பொருள் உண்மையில் எது என்று சொல்லக்கூடியவராக வெளியே வாருங்கள். எக்ஸ்.ஆர்.டி., என்.எம்.ஆர்., மாஸ் ஸ்பெக்ட்ரம் ஆகியவற்றின் தரவை மென்பொருள் பொருத்திக் காட்டினாலும், பொருந்தாமல் மிஞ்சும் பீக் எதனுடையது என்று கேட்கப் பழகுங்கள். எக்ஸ்.ஆர்.டி. தரவோடு படிக அமைப்பைப் பொருத்திப் பார்க்கும் ரீட்வெல்ட் பகுப்பாய்வுக்கு இலவச மென்பொருள்கள் உள்ளன. பைத்தானும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், இனி அதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. புராஜெக்ட் செய்யும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, கருவியை மாணவர் கையில் கொடுக்கிறார்களா, மாதிரியை வாங்கி வைத்துக்கொண்டு அச்சிட்ட தாளை நீட்டுகிறார்களா என்று முதலிலேயே சீனியர்களிடம் விசாரித்துவிடுங்கள்.

வருமானத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 உயர்வுக்குப் பிறகு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலோ (செக்ரி) சென்னை தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலோ முனைவர் பட்டம் செய்ய அது போதும். ஹைதராபாத், பெங்களூரு ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களுக்குப் போவதானால் கரிம வேதியியலை விருப்பப் பாடமாக எடுப்பது நல்லது. நான் சொன்ன திடநிலை வேலைக்கு அங்கே இடம் குறைவு.