கடலுக்கும் நேரம் பாருங்கள்
கரையோரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: விடுமுறையில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். நீல் தீவில் இயற்கையான கல் பாலம் இருக்கிறதாமே? போய் வந்த என் அண்ணி, "அங்க வெறும் தண்ணிதான், பக்கத்துலயே போக முடியலை" என்கிறார். போவதில் பயன் உண்டா?
– வாசகி, விருதுநகர்

பதில்: கட்டாயம் போங்கள். உங்கள் அண்ணி போனது கடல் ஏறியிருந்த நேரமாக இருக்கும். அந்தத் தீவுகளில் வளர்ந்தவன் நான். அவ்வளவு செலவு செய்து வந்தவர்கள் அந்த வளைவைக் கிட்டப் பார்க்காமல் திரும்பினால் எனக்கு மனசு ஆறாது. விமானத்துக்கும் விடுதிக்கும் நேரம் பார்க்கிறோம், கடலுக்கும் பார்க்க வேண்டாமா?

முதலில் வீட்டுத் தினசரி காலண்டரை எடுங்கள். அமாவாசை, பௌர்ணமி அன்றும் அதையடுத்த ஓரிரு நாட்களும் சூரியன், நிலவு இரண்டின் இழுப்பும் ஒன்றுசேரும். கடல் நன்றாக ஏறும், அதே அளவுக்கு நன்றாக வற்றும். அஷ்டமி, நவமியை ஒட்டி இரண்டுமே குறைவு. நல்ல காரியத்துக்கு நம் வீட்டில் தள்ளிவைக்கிற அந்த நாட்கள் இதற்கும் அவ்வளவு தோதில்லை.

வற்றும் மணியைக் காலண்டர் சொல்லாது. தீவில் இறங்கியதும் விடுதிக்காரரிடமோ ஜெட்டியில் படகுக்காரரிடமோ கேளுங்கள். மறுநாள் அது சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். முழுதாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, பாலம் இருக்கும் லக்ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரைக்குப் போய்விடுங்கள். தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிட வேண்டும்.

பாலத்தைவிட எனக்குப் பிடித்தது அதற்குப் போகும் வழிதான். பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். குனிந்து பொறுமையாகப் பார்த்தால் கடல் வெள்ளரி, நட்சத்திர மீன், குட்டி மீன்கள், சில இடங்களில் உயிருள்ள பவளம்கூடத் தெரியும். பாறை வழுக்கும், பவளம் காலைக் கிழிக்கும். ரப்பர் செருப்பு போதாது, பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். குழிக்குள் கால் வைக்காதீர்கள். கடல் வெள்ளரியைக் கையில் எடுத்துப் படம் பிடிக்கச் சிலர் சொல்வார்கள், வேண்டாம். அது சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிர். பவளத் துண்டையும் பையில் போடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. காற்று பலமாக இருந்தால் கப்பல் ரத்தாகும். நீல் தீவிலிருந்து திரும்பும் நாளையும் ஊருக்கு விமானம் ஏறும் நாளையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

கேள்வி: அந்தமானில் பாராடங் தீவுக் குகைக்குப் போகும் சாலையில் ஜாரவா பழங்குடி மக்களைப் பார்த்தால் படம் எடுக்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கூடாது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகள் காவலுடன் வரிசையாகப் போகும். வழியில் நிறுத்துவது, படம் எடுப்பது, தின்பண்டம் கொடுப்பது எல்லாமே தடை. அவர்கள் வீட்டுக்குள் போட்ட சாலை அது. அவர்கள் வெளியாட்களோடு பழகத் தொடங்கிக் கொஞ்ச காலத்திலேயே, 1999-ல், தட்டம்மை அங்கே பரவியது. நம் இருமல்கூட அவர்களுக்கு ஆபத்து.

கேமராவை அலையாத்திக் காட்டுக்குள் போகும் படகில் வெளியே எடுங்கள். மரங்கள் தலைக்கு மேல் கூடும் அந்த ஓடைக்கு ஈடு கிடையாது. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் சுண்ணாம்புக் குகை. மேலிருந்து தொங்கும் கற்களைத் தொடாதீர்கள். கையின் எண்ணெய்ப் பசை பட்டால் அங்கே கல் வளர்வது தடைப்படும்.

கேள்வி: பாரன் தீவு எரிமலையில் இறங்க முடியுமா? பையன் கேட்கிறான்.
– வாசகர், ஓசூர்

பதில்: முடியாது, கப்பலில் இருந்தபடி பார்ப்பதுதான். இந்தியாவில் இன்றும் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை அது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அடங்கிக் கிடந்து 1991-ல் மறுபடி வெடித்தது. பையனுக்குப் பாராடங்கில் சேற்று எரிமலையைக் காட்டுங்கள். நெருப்பு இருக்காது, அடியிலிருந்து வாயு தள்ள, சேறு குமிழ் விடும். ஜெட்டியிலிருந்து வண்டி கிடைக்கும். திரும்பும் வண்டி வரிசைக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, அதனால் குகையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.