மீட்டிங்ல தலையாட்டுறாங்க, வெளியில வேற கதைக்கிறாங்க

கேள்வி: அக்கா, எங்க தேயிலைத் தோட்டத்துல 6 பேர் சேர்ந்து ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதுற புள்ளைங்களுக்கு பின்னேரத்துல இலவசமா கிளாஸ் எடுக்கிறோம். ஆரம்பத்துல எல்லாரும் ஓடி ஓடி செஞ்சாங்க, இப்ப நானும் ஒரு தங்கச்சியும் மட்டும்தான் இழுத்துக்கிட்டு போறோம். மீட்டிங்ல எதுக்கும் சரி சரினு தலையாட்டிட்டு வெளியில போய் வேற கதைக்கிறாங்க. மத்தவங்கள விலக்கிட்டு புது ஆளுங்கள சேர்க்கவா?
– வாசகர், ஹட்டன்

பதில்: விலக்காதீங்க தம்பி. புதுசா வர்றவங்களும் இதே மாதிரி வேலை பிரிக்காத கூட்டத்துக்குள்ள வந்தா கொஞ்ச நாள்ல இவங்க மாதிரியேதான் ஆவாங்க. பிரான்ஸ்ல மேக்ஸ் ரிங்கல்மான்னு ஒரு விவசாய பொறியியலாளர் ஆளுங்கள கயிறு இழுக்க வச்சு அளந்து பாத்தாரு, 1913ல அத வெளியிட்டாரு, ஆள் கூடக்கூட ஒவ்வொருத்தரும் போடுற பலம் குறைஞ்சுக்கிட்டே போச்சு, 8 பேர் சேர்ந்தப்ப தலைக்கு கிட்டத்தட்ட பாதி பலம்தான். எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்காதது ஒரு காரணம், அடுத்தவன் இழுப்பான்னு விடுறது இன்னொண்ணு. தன்னோட பங்கு தனியா தெரியும்னா இந்த விடுறது குறையுதுனு பின்னால வந்த ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற மடுவத்துல ஆளுக்காள் தனியா நிறுக்கிறாங்க, அங்க யாரும் ஒளிக்க ஏலாது. உங்க கிளாஸ்ல 'எல்லாரும் சேர்ந்து பாத்துக்குவோம்'னுதான் பேசி வச்சிருப்பீங்க.

கணக்கு பாடம் யாரு, மண்டபத்து சாவி யாரு கையில, கிளாசுக்கு வராத புள்ளையோட லயத்து வீட்டுக்கு யாரு போய் கேக்குறது, ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு பேர எழுதி செவுத்துல ஒட்டுங்க. கொழும்புல வேலை செஞ்சுட்டு மாசத்துக்கு ஒருக்கா வீட்டுக்கு வர்ற ஆள் உங்க கூட்டத்துல இருந்தா அவருக்கு வாராவாரம் கிளாஸ் போடாதீங்க, பாஸ்ட் பேப்பர் போட்டோ கொப்பி எடுத்து அனுப்புற வேலைய குடுங்க. மனசில்லாம ஒதுங்குறவங்கள விட 'என்னால முடியல'னு சொல்ல வெக்கப்பட்டு ஒதுங்குறவங்கதான் அதிகம்.

எனக்கு இத விட பெரிசா படுறது அந்த தலையாட்டல்தான். நம்ம பக்கம் தலைவரு முடிவ முதல்ல சொல்லிட்டு அப்புறமா 'என்ன சொல்றீங்க'னு கேப்பாரு, கோயில் கமிட்டியிலயும் அப்படித்தான் சங்கத்துலயும் அப்படித்தான், அதுக்கு மேல எந்த சின்னப்பையன் வாயத் திறப்பான்? நீங்க கடைசியா பேசுங்க. வயசுல சின்னவங்கள்ல இருந்து ஒவ்வொருத்தரா 'இதுல எது சரிவராது'னு கேளுங்க, 'சரிதானே'னு கேட்டா சரின்னுதான் பதில் வரும். யாராவது எதிர்த்தா அன்னைக்கே பேசி முடிங்க, சத்தம் வந்தாலும் பரவால்ல, வேலையப் பத்தின வாக்குவாதம் ஆளப் பத்தினதா மாறுறப்ப மட்டும் நிப்பாட்டுங்க.

கேள்வி: தோட்டத்து ஸ்டோர்ல, அதான் தேயிலை ஃபேக்டரியில, நைட் ஷிப்ட்டுக்கு என்னைய சூப்பர்வைசரா போட்டிருக்காங்க. கூட வேலை செஞ்ச கூட்டாளிங்கதான் இப்ப எனக்கு கீழ. எது பிழைச்சாலும் மறைக்கிறாங்க, காலையில ஃபேக்டரிய பாத்துக்கிற டீமேக்கர் கண்டுபிடிச்சு என்னைய ஏசுறாரு. கொஞ்சம் கடுமையா நடந்தா சரிவருமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: கடுமையா நடந்தா இன்னும் நல்லா மறைப்பாங்க தம்பி. அமெரிக்காவுல எமி எட்மண்ட்சன்னு ஒரு ஆய்வாளர் 1990கள்ல ஆஸ்பத்திரி தாதிமார் குழுக்கள ஆராய்ஞ்சாங்க, ஒத்துமையான குழுவுல மருந்து குடுக்குறதுல பிழை குறைவா இருக்கும்னு எதிர்பார்த்தா கணக்குல கூடவா இருந்துச்சு. அங்க பிழை அதிகமா நடக்கல, நடந்தத பயமில்லாம சொல்றாங்க, மத்த இடங்கள்ல வெளிய வர்றதில்லனு அவங்க விளங்கிக்கிட்டாங்க. உங்க ஸ்டோர்லயும் அதுதான் பிரச்சினை. கொழுந்து வாட 12 மணித்தியாலத்துக்கு மேலயும் போகும், நடுராத்திரி வாட்டுற ஃபேன் நின்னத அப்பவே சொன்னா ஏதாவது செய்யலாம், கொழுந்து உருட்டுற ரோலருக்கு போன பிறகு சொல்லி என்ன பிரயோசனம்?

அதனால பிழைய யாரு வந்து சொன்னாலும் உங்க வாயில வர்ற முதல் வார்த்தை 'நல்லவேளை இப்பவே சொன்ன'னு இருக்கட்டும், ஏன் எப்படிங்கிறத கொழுந்த பாத்துட்டு அப்புறம் கேளுங்க. குடிச்சிட்டு வந்து மெஷின்ல கை வைக்கிறது வேற கதை, அது உசிரு விஷயம், அதுல கூட்டாளினு பாக்காதீங்க. டீமேக்கர் கண்டுபிடிக்கிற வரைக்கும் காத்திருக்காம ராத்திரி என்ன பிழைச்சுச்சு, என்ன செஞ்சீங்கனு காலையில நீங்களே முதல்ல போய் சொல்லுங்க, யாரு பேரையும் இழுக்காம. ஒரு மாசம் இப்படி செஞ்சு பாத்துட்டு எனக்கு திரும்ப எழுதுங்க.