மீனில்லாத சாறு கிடைக்குமா? ஜப்பான் பயணம்: வாசகர் கேள்வி, பதில்

விடுமுறையில் ஜப்பான் செல்லவிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை சாப்பாட்டையும் பழக்கவழக்கங்களையும் பற்றியவையாக இருந்ததால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

நானும் என் கணவரும் நவம்பரில் பத்து நாள் பயணமாக ஜப்பான் செல்கிறோம். இருவரும் முட்டைகூடச் சாப்பிடாதவர்கள். “ஜப்பானியர் பௌத்தர்கள்தானே, சைவ உணவுக்குப் பஞ்சமிருக்காது” என்கிறார் எங்கள் பயண முகவர். நம்பிப் போகலாமா?
(கும்பகோணம் வாசகி)

போகலாம், ஆனால் முகவரின் பேச்சை நம்பிப் போக வேண்டாம். கி.பி. 675இல் தெம்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உழவு மாதங்களில் உண்ணக் கூடாது என்று ஆணையிட்டார் என்பதும், அதற்குப் பின் பல நூற்றாண்டுகள் இறைச்சி ஜப்பானியரின் அன்றாட உணவில் அரிதாகவே இருந்தது என்பதும், 1872இல் மெய்ஜி பேரரசரே மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி வெளியான காலத்தில்தான் நிலைமை மாறத் தொடங்கியது என்பதும் உண்மைதான். ஆனால் இந்தத் தடை எதிலும் மீன் சேரவில்லை. உங்களுக்குச் சிக்கல் வரப்போவது இறைச்சியால் அன்று, மீனால்தான். அதுவும் கண்ணுக்குத் தெரியாத மீனால்.

நம் சமையலில் புளிக்கரைசலுக்கு உள்ள இடம் அங்கே ‘தாஷி’ என்னும் சாற்றுக்கு உண்டு. மிசோ சூப், நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாறு, வெந்த பூசணித் துண்டு, ஊறவைத்த கீரை என்று பார்வைக்குச் சுத்த சைவமாகத் தெரியும் பலவற்றுக்கும் அடித்தளம் அதுவே. அதைப் பெரும்பாலும் ‘கட்சுவோபுஷி’யின் சீவல்களை வெந்நீரில் இட்டு இறக்குகிறார்கள். சூரை மீனை வேகவைத்து, பலமுறை புகையூட்டி, பூஞ்சணம் ஏற்றி, வெயிலில் காயவைத்து மரக்கட்டை போல ஆக்கிய பண்டம் இது. இரண்டு துண்டுகளைத் தட்டினால் கட்டைகள் மோதும் ஓசையே கேட்கும். தச்சனின் இழைப்புளியைக் கவிழ்த்துவைத்தது போன்ற பெட்டியில்தான் அதைச் சீவுகிறார்கள். இலங்கையில் சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாட்டை அறிந்தவர்களுக்கு இதன் மணம் அந்நியமாக இராது.

முதல் பயணத்தில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். கியோட்டோவில் ஒரு சிறிய கடையில், “இறைச்சி, மீன் சாப்பிடுவதில்லை” என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டையைக் காட்டினேன். பணிப்பெண் அதை இரண்டு முறை படித்து, தலைவணங்கி, மூங்கில் தட்டில் குளிர்ந்த சோபா நூடுல்ஸையும் பக்கத்தில் ஒரு கிண்ணம் கருஞ்சாற்றையும் வைத்துவிட்டுச் சென்றார். தட்டில் மீனில்லை. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனபோதுதான் கருவாட்டு வாசம் தூக்கியடித்தது. அவர் என்னை ஏமாற்றவில்லை. அவர் கணக்கில் மீன் என்பது உருவத்தோடு இருப்பது, சாறு என்பது சாறு.

ஆகவே அட்டையில் எழுத வேண்டியது, “மீன் தாஷியும் சேர்க்கக் கூடாது” என்பதே. வாயால் கேட்பதானால், “கட்சுவோ தாஷி வா ஹைத்தே இமாசு கா?” என்று கேளுங்கள், மீன் சாறு கலந்திருக்கிறதா என்பது பொருள். மீனுக்குப் பதிலாகக் ‘கொம்பு’ என்னும் கடற்பாசியிலும் உலர்ந்த ஷீட்டாகே காளானிலும் இறக்கும் தாஷியும் உண்டு. 1908இல் தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிக்குனாயே இக்கேதா இந்தக் கொம்புச் சாற்றை ஆராய்ந்துதான் ‘உமாமி’ என்ற சுவையைப் பிரித்தறிந்தார். அடுத்த ஆண்டே அது பொடியாகக் கடைக்கு வந்தது. அஜினோமோட்டோ என்று நம்மவர்கள் பாதி ஆசையும் பாதி அச்சமுமாகச் சொல்லும் பொருள் அதுதான்.

அவசரப் பசிக்கு, எந்தத் தெருவிலும் இருக்கும் ‘கொன்பினி’ என்னும் சிறு பலசரக்குக் கடைகளில் ‘ஒனிகிரி’ என்ற முக்கோணச் சோற்று உருண்டை கிடைக்கும். உறையில் 1, 2, 3 என்று எண்ணிட்டிருப்பார்கள்: நடு நாடாவை மேலிருந்து கீழாகக் கிழித்து, இரு மூலைகளையும் ஒவ்வொன்றாக இழுத்தால், அதுவரை ஈரம் படாமல் தனித்திருந்த கடற்பாசித் தாள் மொறுமொறுப்போடு சோற்றைப் போர்த்திக்கொள்ளும். உப்பிலிட்ட ‘உமே’ என்னும் புளிப்புக் காய் வைத்தது நம் ஊறுகாய் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். சிலவற்றில் காயோடு மீன் சீவலையும் கலப்பதுண்டு என்பதால், பொருட்பட்டியலைக் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியால் படித்துவிட்டு வாங்குங்கள். மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புரா வேண்டாம், காய்கறியே ஆனாலும் மாவில் முட்டை இருக்கும்.

கோயில்களில் தங்கிச் சைவச் சாப்பாடு உண்ணலாம் என்கிறார்களே, அது சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யப்படும் வேடிக்கையா, உண்மையான வழக்கமா?
(கோவை வாசகர்)

உண்மையான வழக்கம்தான், பயணத்தில் ஓர் இரவைத்தான் ஒதுக்க முடியும் என்றால் அதை ஒசாக்காவுக்குத் தெற்கே உள்ள கோயாசான் மலைக்கு ஒதுக்குங்கள் என்பேன். கூக்காய் என்ற துறவிக்கு 816இல் பேரரசர் அளித்த மலை அது. இன்று அங்குள்ள நூற்றுக்கு மேற்பட்ட கோயில்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை யாத்ரீகர்களுக்குத் தங்குமிடம் தருகின்றன. ஒசாக்காவின் நம்பா நிலையத்தில் நன்காய் ரயிலேறி, கொக்குராக்குபாஷியில் இறங்கி, அங்கிருந்து செங்குத்தாக ஏறும் கேபிள் ரயிலில் மேலே செல்ல வேண்டும்.

இங்கே பரிமாறுவது ‘சோஜின் ரியோரி’: இறைச்சி, மீன் மட்டுமன்றி வெங்காயமும் பூண்டும்கூட இல்லாத துறவிகளின் உணவு. மாலை ஆறு மணியளவிலேயே, அரக்குப் பூசிய குட்டைக்கால் தட்டுகளில் உணவு வந்துவிடும். தாமதமாக வந்து சேர்ந்தால் பட்டினிதான். எள்ளை அரைத்து, கூட்ஸுக் கிழங்கு மாவோடு சேர்த்துக் கிண்டி உறையவைத்த ‘கோமா டோஃபு’வைக் கட்டாயம் நிதானமாக உண்ணுங்கள். பெயரில் டோஃபு இருந்தாலும் அதில் சோயா இல்லை. நாவில் வைத்தவுடன் எள்ளுருண்டையின் மணம் எழும், ஆனால் இனிப்பு இருக்காது, மேலே வைத்த ‘வசாபி’ என்னும் கார விழுதின் துளி மூக்கை எட்டிப் பார்க்கும். உறையவைத்து உலர்த்திய ‘கோயா டோஃபு’ இந்த மலையின் பெயரையே தாங்கியது. கடிக்கும்போது பஞ்சிலிருந்து வடிவது போலச் சாறு வாயில் இறங்கும்.

மறுநாள் விடிவதற்குள் எழுந்துவிடுங்கள். பல கோயில்களில் காலை வழிபாட்டுக்கு விருந்தினரையும் அழைப்பார்கள். சிலவற்றில் ‘கோமா’ என்ற தீ வழிபாடும் நடக்கும். இந்தச் சொல் எள்ளைக் குறிப்பதன்று. நம் ஹோமமேதான் சீனம் வழியாக அங்கே சென்று அப்படி ஆகியிருக்கிறது. ஒக்குனோயின் இடுகாட்டில் வானுயர்ந்த ஊசியிலை மரங்களுக்கிடையே ஏறத்தாழ 2 கி.மீ. நடந்தால் கூக்காயின் சமாதி வரும். அவர் இறக்கவில்லை, தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. அதனால் நாள்தோறும் காலை 6 மணிக்கும் 10.30 மணிக்கும் இரண்டு துறவிகள் மரப்பெட்டியில் அவருக்கு உணவு சுமந்து செல்கிறார்கள். அதற்கு முன் அருகிலுள்ள சிறு சன்னதியில், சுவை பார்க்கும் ஜிசோ என்னும் போதிசத்துவரிடம் அதைக் காட்டுகிறார்கள். நைவேத்தியத்துக்குப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உணவகங்களில் எவ்வளவு டிப்ஸ் கொடுக்க வேண்டும்?
(திருச்சி வாசகர்)

ஒன்றும் வேண்டாம். மேசையில் வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று எண்ணித் தெருவரை ஓடிவந்து திருப்பித் தருவார்கள். ஆனால் இசக்காயா எனப்படும் மதுவகங்களில் நீங்கள் கேட்காமலேயே ஒரு சிறு கிண்ணத்தில் ஏதாவது கொண்டுவந்து வைப்பார்கள். அது இலவசம் அன்று, உட்கார்ந்ததற்கான கட்டணம். சண்டை போடாதீர்கள்.

குச்சிகளால் சாப்பிடுவதற்கு வீட்டிலேயே பழகிவருகிறேன். தெரியாமல் செய்துவிடக் கூடாத தவறுகள் எவை?
(யாழ்ப்பாணம் வாசகி)

குச்சி கைநழுவி விழுந்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் இரண்டு செயல்கள் பந்தியையே உறைய வைக்கும். சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாக நட்டுவைக்கக் கூடாது. இறந்தவரின் தலைமாட்டில் வைக்கும் சோற்றில்தான் அப்படிக் குத்துவார்கள். ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றக் கூடாது. தகனத்துக்குப் பின் உறவினர்கள் எலும்புகளைக் குச்சிகளால் எடுத்துக் கலத்தில் இடுவதை அது நினைவூட்டும். விருந்தில் ஒருவர் வாய்க்கரிசி இடுவதுபோல் நடித்துக் காட்டினால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான்.

மற்றவை நம் பழக்கத்துக்கு நேர்மாறானவை. சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி உண்பதே அங்கே மரியாதை. நூடுல்ஸைச் சத்தத்தோடு உறிஞ்சலாம். சோற்றில் எதையும் ஊற்றிப் பிசையாமல், வெள்ளையாகவே ஒரு வாய், துணைக்கறி ஒரு வாய் என்று மாறிமாறி உண்ண வேண்டும்; இதற்குத்தான் எனக்குப் பல நாள் பிடித்தது. சுஷியைக் கையால் எடுத்து உண்பது முற்றிலும் முறையானது. சோற்றுப் பக்கத்தைச் சோயாவில் தோய்த்தால் அது உதிர்ந்துவிடும். திருப்பிப் பிடித்து மீனின் நுனியை மட்டும் தொட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பானியர் ‘கறி’ என்ற ஒன்றை விரும்பி உண்கிறார்களாமே, அது நம் குழம்புதானா?
(சென்னை வாசகர்)

நம் குழம்பு ஆங்கிலேயர் கைக்குப் போய், அங்கிருந்து மெய்ஜி காலத்தில் ஜப்பானுக்கு வந்து, கோதுமை மாவால் கெட்டியாகி, இனிப்பேறி நிற்கிறது என்று கொள்ளலாம். கடற்படையினருக்கு இன்றும் வெள்ளிக்கிழமை கறிச்சோறுதான். கடைகளில் விற்கும் கறிக்கட்டிகளில் பெரும்பாலும் விலங்குக் கொழுப்பு இருக்கும் என்பதைச் சைவர்கள் மறக்க வேண்டாம்.

இந்திய முறைக் கறிக்கோ வேறொரு கதை உண்டு. 1912இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிங் மீது குண்டு வீசிய சதியில் தேடப்பட்ட ராஷ் பிகாரி போஸ், 1915இல் ஜப்பானுக்குத் தப்பிவந்து, தோக்கியோவின் ஷின்ஜுக்குவில் இருந்த நக்காமுரயா என்ற ரொட்டிக்கடையில் மறைந்திருந்தார். பின்னர் அந்தக் கடைக்காரரின் மகளையே மணந்தார். மாவு கரைத்த கறியைச் சகிக்காத அவர் சொல்லிக்கொடுத்த இந்தியக் கறி, 1927இல் அந்தக் கடையின் உணவகத்தில் விற்பனைக்கு வந்தது. இன்றும் அங்கே உட்கார்ந்து உண்ணலாம். கோழி இருக்கும், கும்பகோணம் தம்பதியர் வாசலோடு திரும்பிவிடுவது நல்லது.

வெந்நீர் ஊற்றுக் குளியலுக்கு ஆசையாக இருக்கிறது, ஆனால் ஆடையின்றி இறங்க வேண்டும் என்கிறார்களே?
(மதுரை வாசகி)

ஆம், நீச்சலுடைக்கும் அனுமதியில்லை. ஆனால் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனித் தொட்டிகள் உண்டு. கூச்சம் தாங்காது என்றால், விடுதியில் ‘காஷிகிரி’ என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் போல உங்களுக்கு மட்டும் தனிக்குளியல் அறை கிடைக்கும். எங்கே இறங்கினாலும், முதலில் குட்டை முக்காலியில் அமர்ந்து சோப்புத் தேய்த்து முழுவதும் கழுவிய பிறகே தொட்டிக்குள் செல்ல வேண்டும். அந்த நீர் ஊறுவதற்கே தவிர அழுக்குப் போக்குவதற்கு அன்று. சிறு துண்டை நீரில் நனைக்காமல் மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்து யுக்காத்தா அங்கியை உடுத்தும்போது இடப்பக்கம் மேலே வருமாறு மடியுங்கள். வலப்பக்கத்தை மேலே போட்டு உடுத்துவது பிணத்துக்கு. நான் அப்படி உடுத்திக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தபோது, விடுதியின் மூதாட்டி ஒருவர் ஒரு சொல்லும் பேசாமல் என்னைத் தூணுக்குப் பின்னால் அழைத்துச் சென்று, பிரித்து மாற்றிக் கட்டிவிட்டு அனுப்பினார்.