கட்டுரையின் முதல் வரியை மாற்றிவிடுங்கள்

வணக்கம். கல்லூரிக் கட்டுரையை "வலியதே வாழும் என்றார் டார்வின்" என்று தொடங்கலாமா எனக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதன் மூலமான "survival of the fittest" என்னும் ஆங்கிலச் சொற்றொடரை 1864இல் ஆக்கியவர் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் 1859இல் வெளியிட்ட "உயிரினங்களின் தோற்றம்" என்னும் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில்தான் (1869) அதைச் சேர்த்துக்கொண்டார். அதிலும் சொல்லப்படுவது வலிமையன்று, சூழலுக்கு ஏற்ற தகுதி.

பசிபிக் பெருங்கடலிலுள்ள கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் என்னும் சிறு தீவில் உயிரியலாளர்களான கிராண்ட் தம்பதியர் பதிவு செய்ததை எடுத்துக்காட்டாகத் தரலாம். 1977இல் மழை பொய்த்தபோது மென்மையான சிறு விதைகள் தீர்ந்துபோக, முள் நிறைந்த கடினமான காய்களை (நம் காலில் குத்தும் நெருஞ்சிக்கு உறவான செடியின் காய்கள்தாம்) உடைக்க வல்ல தடித்த அலகுடைய ஃபின்ச் குருவிகளே மிகுதியாகப் பிழைத்தன. ஆனால் 1983இன் பெருமழையில் சிறு விதைகள் பெருகியதும், அடுத்து வந்த ஆண்டுகளில் சிறிய அலகுடையவற்றின் கை ஓங்கியது. நேற்றைய தகுதி இன்று சுமையாயிற்று.

ஏழைகளுக்கு உதவுவது இயற்கைக்கு மாறானது என்று வாதிட்டோர் இந்த மாறும் தன்மையை மறைத்துவிட்டே டார்வினைத் துணைக்கழைத்தனர். டார்வினின் உறவினர் பிரான்சிஸ் கால்ட்டன் 1883இல் பெயரிட்ட இனமேம்பாட்டியலையும் ("தகுதியானவர்" எனக் கருதுவோரை மட்டும் பெருகச் செய்து மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற கொள்கை, eugenics) இவர்களைப் பற்றி எழுதும் பகுதியிலேயே சேர்த்துவிடுங்கள்.