முதல் ஈசிஜியில் ‘அப்நார்மல்’, இரண்டாவதில் ‘நார்மல்’: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு 48 வயது. செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாக அவ்வப்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. சில நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. ஈசிஜி எடுக்கப் போனேன். எடுத்த பெண் தாளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கையில் மாட்டியிருந்த கிளிப்புகளை மாற்றி மாட்டி மறுபடி எடுத்தார். முதல் தாளில் ‘அப்நார்மல்’ என்று அச்சாகியிருந்ததை நான் பார்த்துவிட்டேன். இரண்டாவது தாளைப் பார்த்த டாக்டர் நார்மல் என்கிறார். எது உண்மை? படபடப்பு இன்னும் நிற்கவில்லை.

- சேலம் வாசகர்

பதில்: இரண்டாவது தாளையே நம்புங்கள். அந்தப் பெண் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

வலது கைக்குச் சிவப்பு ஒயர், இடது கைக்கு மஞ்சள். இவை இடம் மாறினால் தாளில் ‘லீட் 1’ என்று போட்டிருக்கும் வரி அப்படியே தலைகீழாக விழும். மெஷினுக்கு ஒயர் மாறியது தெரியாது. வந்த கோட்டை வைத்துக் கணக்குப் போட்டு ‘அப்நார்மல்’ என்று அடித்துவிடும். பழகிய டெக்னீஷியனுக்கு அந்த வரியைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிடும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களுக்கு இத்தனை கவலை இருந்திருக்காது, உண்மைதான். ஆனால் முடிவைச் சொல்வது அவர்கள் பொறுப்பில்லை என்பதால் பலரும் வாயே திறப்பதில்லை. ஆபத்தாக ஏதாவது தெரிந்தால் மட்டும் உங்களைப் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டரிடம் ஓடுவார்கள்.

ஈசிஜி மெஷின் உடம்புக்குள் மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்திலேயே உண்டாகும் மின்சாரத்தைத் தோலின் மேலிருந்து பிடித்து வரைகிறது, அவ்வளவுதான். கை கால்களில் 4, நெஞ்சில் 6 என 10 இடத்தில் மாட்டி 12 கோணங்களில் பார்க்கிறோம். சேலத்திலிருந்து பார்க்கிற சேர்வராயன் மலை, குப்பனூர் பக்கம் போய்ப் பார்த்தால் வேறு வடிவம். அதனால்தான் எந்த இடத்தில் ஒட்டுகிறோம் என்பது முக்கியம். நெஞ்சின் முதல் இரண்டும் நான்காவது விலா இடைவெளியில் வரவேண்டும். அவசரத்தில் ஒரு விலா மேலே ஒட்டிவிட்டால், எப்போதோ மாரடைப்பு வந்துபோனது போன்ற தோற்றம்கூட வரலாம். விரலால் விலாவை எண்ணிப் பார்த்து ஒட்டுகிறவரைக் கண்டால் எனக்குத் தனி மரியாதை.

உங்கள் பங்கும் கொஞ்சம் உண்டு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்போடு வந்தால் எதுவும் ஒட்டாது. நெஞ்சில் சந்தனம், விபூதி, பவுடர் வேண்டாம். குளிரில் நடுங்கினாலும் பேசிக்கொண்டே இருந்தாலும் கோடு கிறுக்கலாகிவிடும். வெறும் வயிறு தேவையில்லை. பெண்கள், பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

இனி உங்கள் படபடப்பு. ஈசிஜி தாளில் இருப்பது சுமார் 10 விநாடி. அதாவது பத்துப் பன்னிரண்டு துடிப்பு. உங்கள் இதயமோ ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜி நார்மலாக இருப்பதால், படபடப்பு வரும்போதும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. உங்கள் டாக்டரிடம் ‘ஹோல்டர்’ பரிசோதனை பற்றிக் கேளுங்கள். சின்னக் கருவியை இடுப்பில் கட்டி, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 24 மணி நேரமோ அதற்கு மேலுமோ பதிவாகும். அது முடியும்வரை குளிக்கக் கூடாது. அன்றைக்கு லீவு போட்டுப் படுத்திருந்தால் எடுத்ததே வீண். பட்டறைக்குப் போங்கள், வழக்கம்போல வேலை பாருங்கள், டீயும் குடியுங்கள். படபடப்பு வந்தால் மணியையும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் நோட்டில் குறித்துவையுங்கள். ‘11.20, கொலுசு பத்த வைத்துக்கொண்டிருந்தேன், இரண்டு நிமிடம்’ என்று இருந்தால் போதும். டெக்னீஷியன் அந்த நேரத்துப் பதிவைத் தேடி எடுத்துத் தருவார். சிலருக்கு வாரம் ஒருமுறைதான் வரும். அவர்களுக்கு ஒரு நாள் போதாது. கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

படபடப்போடு மயக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை இதில் எது வந்தாலும் ஹோல்டருக்காகக் காத்திருக்காதீர்கள். பைக்கை எடுக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அந்த இரண்டாவது தாளைச் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். வெப்பத்தால் அச்சாகும் தாள் அது. நாளாக நாளாகக் கோடு மங்கிவிடும், லேமினேஷன் போட்டால் முழுக்கக் கறுத்துவிடும். அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது பழைய ஈசிஜியைத்தான்.